நினைவு தவறிய கணினி

மறதி மனிதனுக்கு இயல்பு, பொறிக்கு அன்று என்பது நம்மில் பலர் கொண்டுள்ள நம்பிக்கை. கணக்கில் நாம் தவறினாலும் கணினி தவறாது என்று கடைக்காரர் கூறுகிறார். பள்ளி ஆசிரியர் கூறுகிறார். அலுவலகத்தில் நாமும் அவ்வாறே கூறிக்கொள்கிறோம். ஆயினும் கணினிக்கும் நினைவு தவறுவதுண்டு. அவ்வாறு தவறும்போது அது தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறு ஏதோ ஓர் உறுப்பின்மீது பழி விழும்படி செய்துவிட்டுத் தான் நல்ல பிள்ளைபோல் அமர்ந்திருக்கும். சில வேளைகளில் அந்தப் பழி உறுப்பின்மீது மட்டும் நில்லாமல், அதைப் பூட்டிய பிள்ளையின் தலைமீதும் ஏறிவிடுகிறது. அப்பழியைத் துடைக்கும் வழியை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று என்னும் எண்ணமே இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதிய வழக்கம் வளர்ந்து வருகிறது. ஆயத்தமாகப் பூட்டிய கணினியை வாங்காமல், பெங்களூரு எஸ்.பி. ரோடு சென்று உறுப்புகளைத் தனித்தனியே விலைபேசி வாங்கி, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து பிள்ளைகளே பூட்டிக்கொள்கின்றனர். இது போற்றத்தக்க வழக்கமே. செலவு குறைகிறது, கைத்தொழில் பழகுகிறது. ஆனால் பூட்டிய கணினி நோயுற்றால் ஓடிவந்து பார்க்க ஒருவரும் இலர். பிராசஸர் ஒரு கடை, மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை என்று வாங்கியிருப்பின், ஒவ்வொரு கடைக்காரரும் மற்றவரைச் சுட்டிக் காட்டுவார். எனவே பூட்டத் தெரிந்தவன் நோயறியவும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு தேவை. 'மெமரி' என்னும் சொல்லை நாம் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறோம். படங்களும் பாடல்களும் நிலையாகத் தங்கியிருக்கும் இடம் ஒன்று, அது எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க். கணினி வேலை செய்யும் நேரத்தில் மட்டும் செய்திகளைத் தாங்கி நிற்பது மற்றொன்று, அதுவே ரேம். அலுவலகத்து வழக்கில் சொல்வதானால், முன்னது பதிவறை, பின்னது எழுத்தரின் மேசை. மாலையில் மேசையைத் துடைத்துவிட்டு எழுத்தர் வீடு செல்வதுபோல, மின்சாரம் நின்றதும் ரேமில் இருந்தவை யாவும் அழிந்துபோகும். ஆயினும் பதிவறையில் உள்ள எந்தக் கோப்பும் மேசைக்கு வராமல் வேலை நடப்பதில்லை. மேசையின்மீது மை கொட்டிக் கிடந்தால், அதன் வழியே செல்லும் கோப்பு எதுவாயினும் கறை படும். பிறகு பதிவறைக்குத் திரும்பிச் செல்லும் கோப்பும் கறையோடுதான் செல்லும். ரேமின் நோய் பிற உறுப்புகளின் நோய்போல் வேடமிடுவதற்கு இதுவே காரணம்.

இன்றைய ரேமின் அடிப்படையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு. ஒரு செய்தித் துளியைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் போதும் என்னும் கருத்தை அவர் 1966-ஆம் ஆண்டில் கண்டார்; 1968-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த மின்தேக்கியை ஒரு மிகச் சிறிய குடம் என்று கொள்க. குடத்தில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று; இல்லையேல் சுழியம். ஆனால் அது சிறிது ஒழுகும் குடம். ஆகவே ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 64 கூறு கழிவதற்குள் ஒவ்வொரு குடத்தையும் பார்த்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 8 ஜி.பி. ரேம் ஒன்றில் இத்தகைய குடங்கள் ஏறத்தாழ 6,870 கோடி உள்ளன. இவற்றுள் ஒன்றில் விரிசல் கண்டாலும் அதன் வழியே செல்லும் செய்தி மாறிவிடக் கூடும். இத்துணை கோடியும் பிழையின்றி இயங்குவதே வியப்பு. சில வேளை பிழை நேர்வது வியப்பன்று.

இனி என் தமக்கையார் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். தமக்கையார் மகன் பாலிடெக்னிக்கில் பயில்பவன். அத்தான் நாள்தோறும் விடியற்கால வண்டியில் பெங்களூரு சென்று, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, இரவு திரும்புபவர். இரண்டாண்டுகள் கட்டிய சீட்டை எடுத்து, 42,000 ரூபாயை மகன் கையில் கொடுத்தார். பிராசஸர், நான்கு ரேம் பள்ளங்கள் கொண்ட மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் இரண்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர் ஆகியவற்றை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து பூட்டினான் பிள்ளை. அவன் படிப்புக்கு அது தேவை. வீட்டாருக்கோ மற்றொரு விருப்பமும் இருந்தது. எங்கள் பாட்டனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வந்து சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பணிச்சான்று, வீட்டு வாடகைச் சீட்டுகள், பழைய படங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. ஓரங்கள் நொறுங்கத் தொடங்கிவிட்டன. அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, ஊரில் உள்ள பெரியப்பா வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது தமக்கையாரின் நெடுநாள் ஆவல்.

முதல் நாள் இரவு பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையோ இருளாகவே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று எழுதிய இடத்தில் ஒரு சிறு விளக்கு அணையாமல் எரிந்தது. ரேமில் ஏதோ குறை என்று கணினி காட்டும் குறிப்பு அது. சில போர்டுகளில் விளக்குக்கு மாறாக 'பீப்' என்னும் ஒலி கேட்கும். பையன் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு ரேம்களையும் கழற்றிப் பார்த்தான். அவை பிராசஸருக்கு அருகில் உள்ள முதற் பள்ளத்திலும் இரண்டாம் பள்ளத்திலும் இருந்தன. போர்டோடு வந்த கையேடு இரண்டாவதிலும் நான்காவதிலும் இடுமாறு கூறியது. இரட்டைப் பாதையில் செய்தி செல்ல அதுவே முறை. அவ்வாறே மாற்றி, பள்ளத்தின் பூட்டு 'டக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினான். திரை ஒளிர்ந்தது. விண்டோஸ் ஏறிற்று. தமக்கையார் அனைவருக்கும் கேசரி கிண்டித் தந்தார்.

மகிழ்ச்சி பத்து நாள்தான் நிலைத்தது. பிறகு வகைவகையான தொல்லைகள் தோன்றின. திரை திடீரென நீலமாகி, ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்னும் சொல் தோன்றும்; மறுநாள் வேறொரு சொல் தோன்றும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரல் மூடிக்கொள்ளும். இறக்கிய கோப்பைப் பிரித்தால் கோப்பு பழுதுற்றது என்று கணினி கூறும். அதே கோப்பை மீண்டும் இறக்கினால் ஒழுங்காகப் பிரியும். இவற்றினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. பாட்டனார் சுரங்க வாயிலில் தலைக்கவசத்தோடு நிற்கும் படத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தனர். சில நாள் கழித்துத் திறந்தபோது, படத்தின் மேற்பாதி இருந்தது. மார்புக்குக் கீழே சாம்பல் நிறம் படர்ந்து ஒன்றுமே இல்லை. கணினி ஒரு பிழையும் கூறாமல் அப்படத்தைச் சேமித்திருந்தது.

அறிவுரை கூற வந்தவர் பலர். வைரஸ் என்றார் ஒருவர். விண்டோஸ் நல்லதன்று என்றார் மற்றொருவர். நம் ஊர் மின்சாரம் ஏறி இறங்குவதே காரணம் என்றார் மூன்றாமவர். அத்தானின் தாயார் கண்ணேறு என்று முடிவு கட்டிக் கேபினெட்டுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். மூன்று முறை விண்டோஸை அழித்து ஏற்றினான் பிள்ளை, தொல்லை நீங்கவில்லை. பெங்களூரில் ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றபோது, அரை மணி நேரம் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது, புதிது போடவேண்டும் என்றார்கள். அத்தான் அன்றிரவு உணவு உண்ணாமல் படுத்தார். "வந்த விலைக்கு விற்றுவிடலாம்" என்று தமக்கையாரிடம் சொன்னாராம். பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, என் கை ராசியில்லாத கை. இனி எதையும் பிரித்துப் பூட்டமாட்டேன்" என்றான். பணம் போவது ஒரு துன்பம். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் கையை நம்பாமற் போவது அதனினும் பெரிய துன்பம் அன்றோ?

இரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் ஒரு முறையை நன்கு அறிவர். ஓடிவரும் சரக்கு வண்டியில் ஒரு வேகனின் அச்சு சூடேறிப் புகைந்தால், வண்டி முழுவதையும் பழுது என்று ஒதுக்குவதில்லை. நிலையத்தில் நிறுத்தி, எந்த வேகன், எந்த அச்சு என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் கழற்றி லூப் லைனில் விட்டுவிட்டு, மற்றவற்றை அனுப்பிவிடுவார்கள். எந்த வேகன் என்று அறிவதற்குள் பழி கூறுவதும் இல்லை. நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறியும் ஆகும். அம்முறையையே கணினிக்கும் கைக்கொள்வோம் என்று கூறி, இரண்டு விடுமுறை நாள்கள் அவனோடு அமர்ந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்திகள் கோடிட்டோம். நாளும் நேரமும், மாற்றியது என்ன, சோதித்தது எவ்வாறு, கண்டது என்ன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்பது எங்கள் விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்து, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னேற்றத்தை நீக்கிய பின்னரே உள்ளே கை வைத்தோம்.

முதலாவதாக வேகத்தைக் குறைத்தோம். அந்த ரேமின் உறையில் 3,200 என்னும் வேகம் அச்சிட்டிருந்தது. அவ்வகை ரேம் இயல்பாக ஓடும் வேகமோ 2,400. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கினால்தான் அது 3,200-க்கு ஏறும், மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயரும். சில போர்டுகளுக்கு அவ்வேகம் ஒவ்வாது. ஆகவே பயாஸை இயல்பு நிலைக்குத் திருப்பினோம். எக்ஸ்.எம்.பி. நின்றது. தொல்லையோ நிற்கவில்லை. வேகம் காரணமன்று என்று நோட்டில் எழுதினோம்.

இரண்டாவதாக 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்கு வெளியே அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். இந்நிரல் ரேமின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறியை எழுதும், பிறகு படிக்கும், எழுதியதும் படித்ததும் ஒத்துள்ளனவா என்று பார்க்கும். ஒவ்வாத இடத்தைச் சிவப்பு வரியில் காட்டும். விண்டோஸ் உள்ளே நுழையாமையால் வைரஸுக்கோ எஸ்.எஸ்.டி.-க்கோ இங்கு வேலையில்லை. முதற்சுற்று முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள் தோன்றின. பிள்ளையின் முகத்தில் அன்றுதான் பல நாள்களுக்குப் பின் ஒளி கண்டேன். நோய் இருப்பது கண்டு மகிழ்வதும் உண்டு போலும்! ஒளிந்திருந்தது வெளிப்பட்டதல்லவா?

மூன்றாவதாக ஒரு ரேமை நீக்கி, மற்றொன்றை மட்டும் இரண்டாம் பள்ளத்தில் வைத்துச் சோதித்தோம். நான்கு சுற்றுகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரு பிழையும் இல்லை. பிறகு நீக்கிய ரேமை அதே பள்ளத்தில் இட்டுச் சோதித்தோம். சிவப்பு வரிகள் மீண்டன. நோய் பிழையுள்ள ரேமிலா, அல்லது அந்தப் பள்ளமும் ரேமும் பொருந்தாமையிலா என்னும் ஐயம் எஞ்சியது. ஆகவே இரண்டையும் ஒவ்வொன்றாக நான்காம் பள்ளத்தில் வைத்தோம். நல்லது அங்கும் நல்லதாகவே இருந்தது. தீயது அங்கும் தன் தீமையைக் காட்டியது. ரேமை இடம் மாற்றும்போது பிழையும் உடன் சென்றால் குற்றம் ரேமினுடையது. எந்த ரேமை இட்டாலும் ஒரே பள்ளத்தில் மட்டும் பிழை வந்தால் குற்றம் பள்ளத்தினுடையது, அல்லது பிராசஸர் அமரும் இடத்தில் ஒரு முள் வளைந்திருக்கலாம். எல்லா ரேமும் எல்லாப் பள்ளத்திலும் பிழை காட்டினால் எஸ்.எம்.பி.எஸ்., பிராசஸர், போர்டு ஆகியவற்றை ஐயுற வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களை நினைவிற் கொண்டவர் பாதி வைத்தியர் ஆகிவிட்டார் எனலாம்.

முடிவு கூறுமுன் ஒன்றையும் பார்த்தோம். ரேமின் அடிவிளிம்பில் பொன்னிறத் தொடுவாய்கள் வரிசையாக உள்ளன. இப்போது வழங்கும் டி.டி.ஆர்.4 ரேமில் அவை 288. நிறம் மட்டுமன்றிப் பூச்சும் பொன்னே. செம்பு களிம்பேறும், இரும்பு துருவேறும், பொன் ஏறாது. அதனாலன்றோ நம் பாட்டன்மார் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி அதைத் தோண்டினர்! 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் பொன்னின் அருமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பொன் கெடாதெனினும் கைவியர்வையும் தூசும் அதன்மேற் படிந்தால் மின்தொடர்பு குன்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் தொடுவாய்களை ஒற்றித் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் சோதித்தோம். பலருடைய கணினிகள் இதனாலேயே நலம் பெற்றிருக்கின்றன. இங்கு நலம் கிட்டவில்லை.

அப்போது பிள்ளை ஒரு நல்ல கேள்வி கேட்டான். "மாமா, வானத்திலிருந்து வரும் கதிர்கள் ரேமில் பட்டுப் பிழை உண்டாக்கும் என்று படித்தேன். இதுவும் அப்படித்தானோ?"

அவன் கேட்டது கற்பனையன்று. 1978-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் என்னும் இருவர், சிப்பை மூடும் பீங்கான் உறையில் கலந்திருந்த மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளே நினைவகத்தில் பிழை விளைத்தது என்று காட்டினர். மறு ஆண்டில் ஜேம்ஸ் சீக்லர், வில்லியம் லான்போர்டு ஆகியோர் அண்டக் கதிர்களும் அவ்வாறு செய்யும் என்று எழுதினர். 2003-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக்கில் நடந்த தேர்தலில், ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் மிகையாகப் பதிவாயின. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்க வரும் எண். ஒரே ஒரு துளி சுழியத்திலிருந்து ஒன்றாக மாறினால் இவ்வாறு நேரும். நிரலில் குறை காணாத ஆய்வாளர்கள் அண்டக் கதிரையே ஐயுற்றனர்.

இக்கதிர்களின் ஆய்வுக்கும் நம் தங்கவயலுக்கும் உறவு உண்டு. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்திலேயே இச்சுரங்கங்களில் பல்வேறு ஆழங்களில் கதிர்களை அளந்தார். மேலுள்ள பாறை ஏனைய துகள்களைத் தடுத்துவிடும் என்பதால், இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிஞர்கள் கூடி ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். 1965-ஆம் ஆண்டில், வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ என்னும் துகளின் அடையாளத்தை அங்கே கண்டனர். பொன் தேடிய பள்ளத்தில் பொன்னினும் அரியது ஒன்றும் கிடைத்தது. இதைக் கேட்ட பிள்ளைக்குப் பெரும் வியப்பு. தன் ஊரைப் பற்றி அவன் எந்தப் பாடத்திலும் இதைப் படித்ததில்லையாம்.

ஆனால் அவன் கணினிக்கு அண்டக் கதிர் காரணமன்று. அதற்குச் சான்று நோட்டிலேயே இருந்தது. கதிர் பட்டு நேரும் பிழை மழைத்துளிபோல. விழுந்த இடத்திலேயே மீண்டும் விழும் என்று சொல்ல இயலாது. எங்கள் சிவப்பு வரிகளோ ஒவ்வொரு சோதனையிலும் ஒரே முகவரிப் பகுதியையே காட்டின. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒழுகினால் அது மழையன்று, கூரையில் ஓட்டை. கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதற்கு இயைந்ததே. ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை காணப்பட்டது. அவற்றுள் கதிரால் நேரும் நிலையாப் பிழையைவிட உறுப்பின் நிலைத்த பழுதே மிகுதி என்று அது கண்டது.

நோட்டையும், சிவப்பு வரிகளின் படத்தையும், பில்லையும் எடுத்துக்கொண்டு ரேம் வாங்கிய கடைக்குச் சென்றான் பிள்ளை. நான் உடன் செல்லவில்லை. அவன் தனியே செல்வதே நன்று என்று தமக்கையாரிடம் கூறிவிட்டேன். கடைக்காரர் நோட்டை இருமுறை புரட்டிப் பார்த்தாராம். "யார் எழுதியது?" என்றாராம். "நான்தான்" என்றானாம். மறு பேச்சின்றி ரேமை வாங்கிக்கொண்டு, நிறுவனத்துக்கு அனுப்பிப் பன்னிரண்டு நாளில் மாற்றித் தந்தார். அதுவரை எஞ்சிய ஒரு ரேமைக் கொண்டே கணினி குறையின்றி ஓடியது. மதர்போர்டு போய்விட்டது என்று கூறப்பட்ட அதே மதர்போர்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த ரேமையும் நான்கு சுற்றுகள் சோதித்த பின்னரே சேர்த்தோம். பழுதுற்ற ரேமின் வழியே ஏறிய விண்டோஸ் நம்பத்தக்கதன்று ஆகையால் அதையும் ஒருமுறை புதிதாக ஏற்றினான். பாட்டனார் படத்தின் அசல் தகரப் பெட்டியிலேயே இருந்தது. மீண்டும் ஸ்கேன் செய்தபோது அவர் தலைக்கவசம் முதல் கால் செருப்புவரை முழுமையாக வந்தார். குடியாத்தத்திலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார்.

கணினி பூட்ட எண்ணும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள்.

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் ரேம்களில் நடுவெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று இறங்காது, வலிந்து அழுத்தற்க. வாங்குமுன் மதர்போர்டுக்கு உரியது எது என்று பார்த்துக்கொள்க. இரண்டு ரேம் வேண்டுமாயின் ஒரே பெட்டியில் இணையாக வருவனவற்றை வாங்குதல் நலம். வெவ்வேறு வகையைக் கலந்தால் சில வேளை ஒத்துழைக்கும். சில வேளை பிணங்கும்.

டி.டி.ஆர்.5 கணினியை முதன்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். ரேமுக்கு ஏற்ற மின்னளவுகளையும் கால அளவுகளையும் கணினி தானே பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்தாதீர்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தோன்றினாலும், கணினி பூட்டிய முதல் வாரத்திலேயே ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டிவிடுக. விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் என்னும் சோதனையும் பயன்படும். எனினும் அது பிழையில்லை என்று கூறியதை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டா. பிழை ஒன்றே ஆயினும் பிழையே. '6,870 கோடியில் ஒன்றுதானே' என்று எண்ணற்க.

பில்லையும் உறையையும் பேணுக. ரேமுக்குப் பெரும்பாலும் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றனர். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ரேமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. பெரிய கணினி நிலையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டதே அதற்குக் காரணம். இந்நாளில் நல்ல ரேமைத் தீயது என்று எறிவதும், தீயதை வைத்துக்கொண்டு நல்ல போர்டை மாற்றுவதும் நம் போன்ற குடும்பங்கள் தாங்கும் செலவல்ல.

யாவற்றினும் முதன்மையானது, ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அசலை எறிந்துவிடாதீர். பிரதியைத் திறந்து பார்த்து, இரண்டாவது இடத்திலும் ஒரு பிரதி வைத்த பின்னரும் அசலைக் காத்திடுக. நம் முன்னோர் இவ்வூருக்கு வந்ததற்கும் வாழ்ந்ததற்கும் சான்றாக நம்மிடம் உள்ளவை அந்தத் தாள்களே.

நம் குடும்பங்களில் இயந்திரம் பழுதானால் முதலில் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. 'நீ தொட்டதால் கெட்டது' என்பது எளிதில் வாயில் வரும் சொல். அச்சொல்லைச் சற்று நிறுத்தி வைத்து, ஒரு நோட்டையும் பென்சிலையும் அவன் கையில் கொடுப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, கண்டதைக் கண்டவாறு எழுதச் சொல்வோம். குற்றம் எங்கே என்பதை அந்த நோட்டே கூறிவிடும். காலை வண்டியில் இவ்வூரிலிருந்து பெங்களூரு செல்லும் ஆயிரக்கணக்கான இளைஞருள் கணினியைக் கையாளும் வேலைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய செல்வம் பெரிதாக ஒன்றுமில்லை. பொறுமையாகப் பார், பிறகு பேசு என்னும் இப்பழக்கத்தை வீட்டிலேயே கொடுத்து அனுப்பலாம். அது நம்மால் இயலும்.